கதவு வளையத்துக்கு ஒரு விதிவிலக்கு

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் வழங்கல் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். பஞ்சு, படுக்கை விரிப்பு, மின்விசிறி, ஃபைல் அட்டை எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் உள்ளே வரும். எதை வாங்குவதென்றாலும் குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்கவேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். அதை யாரும் மதிக்காத காலத்தில் எந்தெந்த மைத்துனர்மாருக்கெல்லாம் ஓடர் போனது என்று எனக்கு முந்தியவர்கள் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார்கள். விதியை மீறி ஒரு குண்டூசிகூட வாங்காதவள் என்று எனக்கொரு பெயர் இருந்தது. எதற்கும் அரசாங்கச் சுற்றறிக்கையைக் காட்டுவதால் முதுகுக்குப் பின்னால் 'சுற்றுநிருப அக்கா' என்றார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மழைநாள் காலை, தொற்றுநீக்கப் பிரிவுக்குப் பொறுப்பான சிஸ்டர் என் மேசைக்கு வந்தார். சிங்களப் பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். கையில் கறுத்துப்போன ஒரு ரப்பர்த் துண்டு இருந்தது.

“மே பலன்ட, மிஸ்”, இதைப் பாருங்கள் என்று அதை என் முன்னால் வைத்தார். பார்த்தேன். சத்திரசிகிச்சைக் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பெரிய இயந்திரத்தின் கதவு வளையம் அது. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஆவி வெளியேறாமல் பிடித்துக்கொள்வது அந்த வளையம்தான். அன்று காலை கிழிந்துவிட்டது. சின்ன இயந்திரம் ஒன்று இருந்தது. அவசரப் பிரசவங்களுக்கும் விபத்துகளுக்கும் மட்டும் அது காணும். நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைகளை எல்லாம் நிறுத்தவேண்டும் என்றார்.

“இன்றைக்கே தொடங்குகிறேன்” என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். அப்படியே தொடங்கினேன்.

அந்த வகை இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் இறக்குவது நாட்டில் ஒரேயொரு முகவர். கடை கொட்டாஞ்சேனையில். தொலைபேசி எடுத்தேன். வளையம் இரண்டு கையிருப்பில் இருக்கிறது, ஆளை அனுப்பினால் இப்போதே தரலாம் என்றார். ஓட்டோவில் போனால் அரை மணித்தியாலம். ஆனால் ஒரேயொரு விலைமனுவை வைத்து வாங்க வேண்டுமானால் விதிவிலக்குக்கு அங்கீகாரம் வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு அதைத் தரவேண்டும். அந்தக் குழுவுக்கு ஃபைல் போவதற்கு முன் எங்கள் கணக்காளர் பரிந்துரைக்கவேண்டும்.

எங்கள் கந்தோரில் வழிகாட்டி நூல் ஆங்கிலத்தில், குறிப்பு எழுதுவது சிங்களத்தில், எரிச்சல் வருவது தமிழில். அவசரக் கொள்வனவு என்று தலைப்பிட்டு, நிற்கும் சத்திரசிகிச்சைகளை விவரித்து, இரண்டு பக்கக் குறிப்பு எழுதி அன்று பின்னேரமே கணக்காளருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு வரி: “இது எதிர்பாராத அவசரமா? விளக்கவும்.”

ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனேன். கணக்காளர் முஸ்லிம் மனிதர், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. நாங்கள் இருவரும் தனியே இருக்கும்போது தமிழில்தான் கதைப்போம். அவர் ஃபைலைப் புரட்டி, அடியில் கிடந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

“சிஸ்டர் போன வருஷமே எழுதி ஈக்கிறாங்க மிஸ். வளையம் தேஞ்சு போகுது, ஒண்டு மேலதிகமா வாங்கி வைக்கணும் எண்டு. அப்ப இது எதிர்பாராதது இல்லையே?”

“எதிர்பார்த்ததுதான் சேர். நாங்கள் வாங்கேல்ல. அதாலதான் இப்ப அவசரம்.”

“நம்மட கவலையீனத்தால வந்த அவசரத்துக்கு விதிவிலக்கு இல்ல. புத்தகத்தைப் பாருங்க, தெளிவா ஈக்கு.”

“அப்ப சிஸ்டர் அந்தக் கடிதத்தை எழுதாம விட்டிருந்தா, நீங்கள் சைன் பண்ணியிருப்பீங்களோ?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓம். அது சரிதான். பண்ணி ஈப்பேன்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தில் பாதி என்மேல்தான். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது என் மேசைக்கு. அடுத்த வருடத் திட்டத்தில் அதைச் சேர்த்தேன். நாட்டில் காசில்லை என்று திட்டத்தை வெட்டியபோது உதிரிப்பாகங்கள் என்ற வரி முழுவதும் போனது. அப்போது நான் ஒரு கடிதமாவது திருப்பி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எல்லோருக்கும் வெட்டினார்கள், எங்களுக்கும் வெட்டினார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் போகாமல் நின்றதைப் பார்த்து அவர் கதவைச் சாத்தச் சொன்னார். முன்பு வேறொரு வைத்தியசாலையில் இருந்தபோது வெள்ளம் வந்ததாம். கீழ்மாடியில் இடுப்பளவு தண்ணீர். ஒரேயொரு கடையில் விலை கேட்டு, தண்ணீர் இறைக்கும் பம்பு வாங்க இவர் ஒப்பமிட்டார். பிறகு கணக்காய்வு வந்தது. ஏன் மற்றக் கடைகளில் கேட்கவில்லை என்று விசாரணை. ஏழு வருடம் இழுத்தது. அந்த ஏழு வருடமும் பதவி உயர்வு இல்லை. அவருக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள்.

“பம்பு தண்ணி இறைச்சது மிஸ். அதை ஒருத்தரும் கேக்கல்ல.”

அவரே வேறு வழி சொன்னார். அவசரம் என்று போகாமல், ஒரே முகவர் என்ற காரணத்தில் போகலாம். அதற்கு இயந்திரத்தைச் செய்த கம்பெனி, இன்னார்தான் எங்கள் ஒரே முகவர் என்று கொடுத்த கடிதம் வேண்டும். கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதம் இருந்தது. அதன் காலம் போன மாதத்தோடு முடிந்திருந்தது. புதிதாக எடுக்க வெளிநாட்டுக்கு எழுதவேண்டும், சில வாரம் போகும் என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் நானே அந்தக் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நேரே போய் நின்றால் ஏதோ நடக்கும் என்ற நப்பாசை. கடைக்காரர் ஐம்பது தாண்டியவர், தோட்டப்பகுதியிலிருந்து வந்து அதே கடையில் கிளாக்காக இருந்து பிறகு சொந்தமாக்கிக் கொண்டவர். எனக்குப் பிளேன்டீ வரவழைத்துவிட்டு, உள்ளே போய் வளையத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பொலித்தீன் உறைக்குள் சுருண்டு, வெள்ளையாக, புத்தம் புதிதாக இருந்தது.

“இந்தா இருக்குங்க மிஸ். சும்மா கொண்டு போங்க. மாட்டுங்க. பேப்பர் வேலையெல்லாம் பொறகு பாத்துக்கலாம்.”

“ஓடர் இல்லாமல் சாமான் எடுத்தா அது இன்னும் பெரிய பிழை. என்னை வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம்.”

“அப்ப நன்கொடைன்னு எழுதித் தர்றேன்.”

“நன்கொடை எடுக்கிறதுக்கும் ஒரு குழு இருக்கு.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்கு வேண்டியது மூணு பேப்பர்தானே? நாளைக்குக் காலையில மூணும் ஒங்க மேசையில இருக்கும். மத்த ரெண்டும் நம்ம ஆளுங்க கடை. கொஞ்சம் கூட வெல போட்டுத் தருவாங்க. எல்லா எடத்துலயும் இப்படித்தானே நடக்குது.”

“அது பொய் இல்லையோ?”

“பேப்பர் பொய்தான். வெல பொய் இல்லீங்க. ஒங்களுக்குன்னு ஒரு ரூவா நான் கூட்டிப் போடல்ல.”

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். முந்திய வருடங்களின் விலையைப் பார்த்திருந்தேன். இருந்தும் பிளேன்டீயைக் குடித்து முடிக்காமல் எழும்பினேன். ஓட்டோவில் திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் ஒரு தொடர்மாடி. எங்கள் மாடிப்படிகளைத் துடைத்து, இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரமும் கழுவ ஒரு பெண் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாள். மலையகத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். அன்று நான் வேலையால் வந்தபோது, வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போய் இருந்தது.

“என்ன, ஏலாதோ?” என்றேன்.

“வயித்துல கட்டிங்க அக்கா. மாசாமாசம் ரெத்தம் நிக்கமாட்டேங்குது. ஒங்க ஆஸ்பத்திரியிலதான் ஒப்பரேசனுக்கு நாள் குடுத்திருந்தாங்க. முந்தாநாள் போனேன். சாமான் அவிக்கிற மெசின் ஒடஞ்சு போச்சாம், பொறகு கூப்பிடுறோம்னு அனுப்பிட்டாங்க.”

அவள் கைப்பிடியைப் பிடித்து எழும்பினாள்.

“நீங்க அங்கதானே வேல செய்றீங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா முன்னுக்குப் போடமாட்டாங்களா?”

“அப்பிடி ஏலாது. எல்லாரையும் வரிசையாத்தான் எடுப்பினம்” என்றேன். வழக்கமாகச் சொல்லும் பதில். எத்தனையோ சொந்தக்காரருக்குச் சொன்னது. “சரிங்க” என்று வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அந்த மெசினின் ஃபைல் என் மேசையில் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கம்பெனிக் கடிதம் மூன்று வாரத்தில் மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். மூலப்பிரதி வேண்டும் என்றார்கள். அது கூரியரில் வர இன்னும் பத்து நாள். அது வந்த அன்றே கணக்காளர் பரிந்துரைத்தார், அதைச் சொல்லவேண்டும். ஃபைல் குழுவுக்குப் போனது. குழுவில் வெளித் திணைக்களத்திலிருந்து ஒருவர் இருக்கவேண்டும். அவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். பதிலுக்கு யார் என்று அவருடைய திணைக்களம் எழுதித் தரவேண்டும். நான் இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு நானே போனேன். பொறுப்பான அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பின்னேரம்வரை இருந்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைப் பெட்டியில் அடுக்கி, அம்புலன்ஸில் ஏற்றி, இன்னொரு வைத்தியசாலைக்கு அனுப்பிக் கிருமி நீக்கி எடுத்தார்கள். அவர்களுக்கு வசதிப்பட்ட நாளில்தான் அதுவும். அம்புலன்ஸுக்கு எரிபொருள் ஊற்ற யாரும் விதிவிலக்குக் கேட்கவில்லை. அது வழமையான செலவு.

சிஸ்டர் முதலில் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். ஒருநாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது, “உங்கள்மேல் கோபமில்லை மிஸ்” என்று சிங்களத்தில் சொன்னார். “ஆனால் நாளைக்கு யாரைச் செய்யலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று டொக்டருக்குக் காலையில் சொல்லவேண்டியது நான். கிருமி நீக்கிய கருவித் தட்டு என்னிடம் எத்தனை இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவர் ஆளைத் தெரிவுசெய்கிறார்.”

அன்று கணக்காளரின் அறைக்குப் போய்க் கத்திவிட்டேன். அவர் செய்யவேண்டியதைச் செய்து முடித்திருந்தார், அவரிடம் கத்துவதில் நியாயமில்லை. ஆனால் வேறு யாரிடம் கத்துவது? குழுவுக்கு முகம் இல்லை, விதிக்குக் காது இல்லை. அவர் நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தண்ணி குடிங்க மிஸ்” என்றார்.

அந்தக் கிழமையே எனக்கு டெங்கு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு கிழமை லீவில் இருந்தேன்.

திரும்பி வந்த அன்று காலை, தொற்றுநீக்கப் பிரிவின் பக்கமாக நடந்தபோது ஆவி சீறும் சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் என்னைக் கண்டு கையை அசைத்தார். எனக்கு வந்த சந்தோசம் என் மேசைக்குப் போய்ச் சேரும்வரைதான் இருந்தது.

எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவள் ஹெந்தளையிலிருந்து வருபவள். என்னைவிடப் பத்து வயது குறைவு, வேலையில் கெட்டிக்காரி. நான் கேட்பதற்கு முன்னரே ஒரு மெல்லிய ஃபைலை எடுத்து நீட்டினாள். மூன்று விலைமனுக்கள். மூன்று கடைத் தலைப்புகள். குறைந்த விலை கொட்டாஞ்சேனைக் கடையுடையது. மூன்று தாளிலும் இயந்திரத்தின் பெயரில் ஒரே எழுத்துப் பிழை.

“அக்கா, நான் ஒண்டும் களவெடுக்கேல்ல” என்றாள்.

“அது எனக்குத் தெரியும்.”

“சிஸ்டர் வந்து என்ர மேசைக்கு முன்னால நிண்டு அழுதவ. நீங்களும் இல்ல. கடைக்காரரிட்டக் கேட்டன், அடுத்த நாளே மூண்டும் கொண்டு வந்தார். ரெண்டு நாளில வளையம் வந்திட்டுது.”

“இது பிழை எண்டு தெரியும்தானே?”

“ஓம், தெரியும். உங்கட வழி சரி எண்டும் தெரியும். ஆனா அக்கா, உங்கட வழியில சாமான் வரேல்லையே.”

ஃபைலை எடுத்துக்கொண்டு எழும்பினேன். கணக்காளரிடம் போய், இதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “மூண்டு விலைமனு ஈந்திச்சு. குறைஞ்ச விலைக்கு சைன் வெச்சேன்” என்றார். எழுத்துப் பிழையைக் காட்டினேன். யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “எனக்கு இப்ப கண் அவ்வளவு தெரியாது மிஸ்” என்றார்.

அதற்கு நாலாம் நாள் என்னுடைய விதிவிலக்கு ஃபைல் வந்து சேர்ந்தது. மூன்று ஒப்பமும் இருந்தன. 'அங்கீகரிக்கப்பட்டது.' அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு 'தேவை ஏற்கெனவே பூர்த்தியானது' என்று எழுதி மூடினேன்.

எங்கள் படி துடைக்கும் பெண்ணை அடுத்த மாதம் வார்டுக்குக் கூப்பிட்டார்கள். இடையில் நிறைய இரத்தம் போய்விட்டதால் உடனே செய்ய முடியவில்லை. இரத்தம் ஏற்றி, தேற்றி, பிறகுதான் சத்திரசிகிச்சை. நன்றாகவே முடிந்தது. ஆனால் அவள் வராத நாட்களில் இரண்டு வீட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். படி துடைக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. திரும்பி வந்த முதல்நாள் என் கதவைத் தட்டி, ஒரு பை நிறைய மாம்பழம் தந்தாள்.

“நீங்க சொல்லித்தானே அக்கா கூப்பிட்டாங்க. எனக்குத் தெரியும்.”

“நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்ல” என்றேன். உண்மை அதுதான். அவள் நம்பவில்லை. நான் அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். மாம்பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

வருட முடிவில் கணக்காய்வு வந்தது. ஹெந்தளைக்காரியின் மெல்லிய ஃபைலில் ஒரு குறையும் இல்லை. என்னுடைய தடித்த ஃபைலுக்கு விளக்கம் கேட்டு ஐயவினா வந்தது. மூன்று விலைமனு இலகுவாகக் கிடைத்த பொருளுக்கு ஒரே முகவர் என்று விதிவிலக்குக் கோரியது ஏன்? அதனால் ஏற்பட்ட தாமதத்துக்குப் பொறுப்பு யார்? பதினான்கு நாளில் விளக்கம் தரவும்.

நாலு பக்கம் எழுதினேன். முகவர் ஒருவர்தான் என்பது, மற்ற இரண்டு தாள்கள் எப்படி வந்தன என்பது, சிஸ்டரின் பழைய கடிதம், எல்லாம். ஒருவரும் பார்க்காத எழுத்துப் பிழையைக்கூட எழுதினேன். எழுதும்போது உடம்பில் ஒரு சுகம் இருந்தது. அனுப்புவதற்கு முன் கணக்காளருக்குக் காட்டினேன். அவர் மெதுவாக முழுவதையும் படித்தார்.

“எல்லாம் உண்மைதான். இத அனுப்பினா அந்தப் புள்ளைக்கு வேல போகும். கடைக்காரரைக் கறுப்புப் பட்டியல்ல போடுவாங்க. அதுக்குப் பொறகு அந்த மெஷினுக்குச் சாமான் யார்ட்ட வாங்கப் போறீங்க மிஸ்?”

“அப்ப நான் என்ன எழுதுறது?”

“அத நான் சொல்ல ஏலாது. உங்கட பேர்ல வந்த ஐயவினா.”

இரண்டு நாள் அந்த நாலு பக்கத்தையும் கைப்பையில் கொண்டு திரிந்தேன். காலி வீதி பஸ்ஸில் இருந்து ஒருமுறை முழுவதும் திரும்பப் படித்தேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை. அனுப்பினால் எனக்கு நியாயம் கிடைக்கும். கொட்டாஞ்சேனையில் பிளேன்டீயை வைத்துவிட்டு எழும்பியபோது அப்படியொரு நியாயத்தைத்தான் நான் நினைத்திருந்தேன் போலும். அது இன்னொருத்தியின் சம்பளத்தைத் தின்றுதான் வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரே வரியில் விளக்கம் எழுதினேன்: சந்தை நிலவரத்தை ஆராய்வதில் ஏற்பட்ட கவனக்குறைவுக்கு வருந்துகிறேன், எதிர்காலத்தில் திருத்திக்கொள்ளப்படும். அது என்னுடைய தனிப்பட்ட ஃபைலிலும் ஏறியது, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தது. பொய்த் தாளுக்கு ஒப்பமிட மாட்டேன் என்று அத்தனை வாரம் நின்றவள், கடைசியில் அந்தப் பொய்யைக் காப்பாற்ற என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். யாரை நோவதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வரியைச் சிங்களத்தில் தட்டச்சு செய்து தந்தது ஹெந்தளைக்காரிதான். தாளை என் முன்னால் வைத்தாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா.”

“திகதி போடேல்ல” என்றேன். அவள் திகதியைப் போட்டுத் தந்தாள். நான் ஒப்பமிட்டேன்.